துணி மூடிய காருக்கு ஒரு வரிசை

கார் வருவதற்கு முன்னால் கூட்டம் வந்துவிட வேண்டும். எங்களுக்கு இடப்பட்ட கட்டளை அவ்வளவுதான். மும்பை செம்பூரில் மோனோ ரயில் பாலத்தைப் பார்த்தபடி இருந்த அந்தக் கண்ணாடிச் சுவர்க் கடையில் நான் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கடை என்றால் மேனேஜருக்குக் கோபம் வரும். 'எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்' என்று சொல்ல வேண்டும். விற்பதற்கு ஒரு சாமானும் இல்லாத இடத்தைக் கடை என்று சொல்வது தப்புதான். அந்த விஷயத்தில் அவர் பேச்சில் நியாயம் இருந்தது.

கூடத்தின் நடுவில் சாம்பல் நிறத் துணி போர்த்திய ஒரு கார் நின்றது. புதிதாக வரப்போகும் மின்சாரக் கார் என்று பெயர். உண்மையில் அது அந்தக் காரின் வெளிக்கூடு. ஓடாது, கதவு திறக்காது. கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிகளுக்குப் பின்னால் சீட்டும் கிடையாது, ஸ்டியரிங்கும் கிடையாது. அசல் வண்டி எப்போது கைக்கு வரும் என்று கம்பெனிக்கே நிச்சயமில்லை. ஆனால் துணியை விலக்கும் விழாவுக்கு மட்டும் நாள் குறித்துவிட்டார்கள். பெண் பார்ப்பதற்கு முன்னால் மண்டபம் பிடித்தது போலத்தான்.

பயிற்சி என்ற பெயரில் ஒரு வாரம் எங்களை உட்காரவைத்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். 'வாங்குவது' என்று சொல்லக் கூடாது, 'ரிசர்வ் செய்வது' என்று சொல்ல வேண்டும். 'தெரியாது' என்ற சொல் வாயில் வரவே கூடாது, 'அதைப் பற்றி ஒரு நல்ல செய்தி வரப்போகிறது' என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும் என்று யாராவது கேட்டால், 'அது உங்கள் பயணத்தைப் பொறுத்தது' என்று சொல்லிச் சிரிக்க வேண்டும். சிரிப்புக்கும் ஒரு வகுப்பு இருந்தது. பல் தெரியலாம், ஈறு தெரியக் கூடாது என்றாள் சொல்லிக்கொடுத்த பெண்.

விழா நாளில் ஃபோனில் பதிவு செய்ய வழி கிடையாது. நேரில் வர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், உள்ளே வந்து பெயர் கொடுக்க வேண்டும். யார் முதலில் பெயர் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் வண்டி. எல்லாவற்றையும் ஃபோனிலேயே முடித்துவிடலாம் என்று பெருமை பேசும் கம்பெனி ஏன் ஜனங்களை வெயிலில் நிறுத்துகிறது என்று பயிற்சியில் கேட்டேன். ஃபோனில் நிற்கும் வரிசையைப் படம் பிடிக்க முடியாது என்று மேனேஜர் பதில் சொன்னார். அவர் சொன்ன எத்தனையோ விஷயங்களில் அது ஒன்றுதான் உண்மை.

எனக்கு அந்த வேலை வேண்டும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏன் அங்கே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்பது யாருக்கும் விளங்காது. அப்பா தாராவியில் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். நுரையீரல் பழுதாகி வீட்டில் இருக்கிறார். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். வேலை நிரந்தரமானால் கம்பெனியின் மெடிக்கல் கார்டில் அவர் பெயரையும் சேர்க்கலாம். நான் இதற்கு முன் பார்த்த வேலைகள் எல்லாமே டெம்பரரி. மாலில் சென்ட் அடித்துக் காட்டுவது, மொபைல் கடையில் கவர் விற்பது என்று எதுவும் நிரந்தரம் வரை போனதில்லை. இங்கே மேனேஜர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். விழா நன்றாக நடந்தால் நிரந்தரம், சொதப்பினால் நீ வேறு இடம் பார்த்துக்கொள்.

அவர் டெல்லிப் பக்கத்துக்காரர். இன்டர்வியூவில் எங்கே வீடு என்று கேட்டபோது, மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று சொன்னேன். லேபர் கேம்பின் பெயரில் மாட்டுங்கா இருக்கிறது, லேபர் கேம்ப் தாராவியில் இருக்கிறது. அவர் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. ஆஹா, ஃபில்டர் காபி, கோயில், படித்த குடும்பங்கள் என்று மலர்ந்துபோனார். பிறகு ஆதார் கார்டைப் பார்த்து விஷயம் புரிந்தபோது, அந்த முகத்தில் இருந்த காபி ஆறிப்போனதை நானே பார்த்தேன். அதற்கப்புறம் பெரிய கஸ்டமர்கள் யாராவது வந்தால் என்னைப் பின்னால் அனுப்பிவிடுவார்.

விழாவுக்கு முந்தைய வாரம் அதே தாராவி அவருக்குத் தேவைப்பட்டது. விளம்பரத்துக்குக் கொட்டியதற்கு ஏற்ற மாதிரி யாரும் வந்து விசாரிக்கவில்லை. வரிசை இல்லாத விழாவைத் தலைமை அலுவலகம் மன்னிக்காது. என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டு, "உன் ஏரியாவுல ஆள் நிறைய கிடைக்குமே. ஒரு நாள் கூலி, டிஃபன், டீ-ஷர்ட். பார்க்க நீட்டா இருக்கிறவங்களா கூட்டிட்டு வா" என்றார் ஹிந்தியில். கடையில் வெங்காயம் பொறுக்குகிறவர் தொனி. அந்தத் தொனியோடு நிரந்தரத்தையும் ஞாபகப்படுத்தினார். நான் தலையாட்டினேன்.

எங்கள் சாலில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், ஆள் திரட்ட வேண்டுமென்றால் எதிர்வீட்டு மதினியைத்தான் பார்க்க வேண்டும். சொந்த மதினி இல்லை. திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி, அந்த முறையில் மதினி. என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவள். ஜீன்ஸ் பட்டறையில் பிசிறு நூல் வெட்டும் வேலை. ஆனால் எங்கள் சந்தில் அவளுடைய நிஜமான உத்தியோகம் தண்ணீர் நல்லி. காலையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எல்லோரும் நம்பர் போட்டுவிடுவோம். நம்பர் போடுவது என்றால் குடத்தையோ பக்கெட்டையோ வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பது. குடம் இல்லாவிட்டால் செருப்பு, செருப்பு இல்லாவிட்டால் அரைச் செங்கல். பொருள் நின்றால் ஆள் நின்ற கணக்கு. நம்பரை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நடுவில் நுழைய முடியாது. இந்தச் சட்டத்துக்கு மதினிதான் போலீஸ். நான் ஒருநாள் அவசரத்தில் பக்கெட்டை இரண்டு குடம் முன்னால் நகர்த்தியதற்கு அதைக் காலால் எத்திக் கழிவு வாய்க்காலில் விட்டாள். ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தேன். இப்போதும் அந்தப் பக்கெட்டில் நெளிவு இருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிக்கதுக்குக் கூலியா? நாங்க தெனமும் சும்மாத்தானட்டி நிக்கோம்."

"காரு வாங்க வேண்டாம் மதினி. வாங்க வந்த மாதிரி வரிசையில நிக்கணும், அவ்வளவுதான்."

"மாதிரின்னா என்னட்டி? வரிசைன்னா வரிசைதான. வாரோம். ஒனக்கு வேல நெலைக்கும்னா சரி. ஒங்க அப்பாவுக்கு மூச்சு இழுக்கது இங்கன வர கேக்கு."

விழா அன்று வெள்ளனவே சந்திலிருந்து ஒரு கூட்டமாகக் கிளம்பி பஸ் பிடித்து வந்து சேர்ந்தார்கள். 'எதிர்காலம் என்னுடையது' என்று இங்கிலீஷில் எழுதிய கறுப்பு டீ-ஷர்ட்டுகளைக் கொடுத்தேன். மதினி அதைச் சேலைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். அவர்களை நடைபாதையில் நிறுத்திவிட்டு உள்ளே பலூன் கட்டப் போனேன். திரும்பி வந்தபோது ஆள் ஒருவர்கூட இல்லை. கண்ணாடிக் கதவிலிருந்து நடைபாதை முடியும் வரைக்கும் செருப்பு, தண்ணீர் பாட்டில், டிஃபன் பை, ஒரு அரைச் செங்கல் என்று சுத்தமான வரிசை கிடந்தது. ஆட்கள் எதிர்ப்பக்கம் மோனோ பாலத்தின் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் நம்பர் போட்டுவிட்டு நிழலுக்குப் போவது அவர்களுக்கு வழக்கம்தானே.

அந்த நேரத்தில்தான் மேனேஜரும் கேமராக்காரர்களும் வந்து இறங்கினார்கள். ஒரு கேமராக்காரன் செருப்புகளைப் பார்த்து, உள்ளே பூஜை நடக்கிறதா என்று கேட்டான். மேனேஜரின் காதுமடல் சிவந்தது. "ஆத்மி கஹாங் ஹை?" ஆள் எங்கே என்று என்னிடம் பல்லைக் கடித்தார். செருப்பு இருந்தால் ஆள் இருப்பதாகத்தான் அர்த்தம் என்று விளக்கினேன். பாதிப் பேச்சிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். நான் ரோட்டைக் கடந்து ஓடி, டீயும் கையுமாக எல்லோரையும் இழுத்து வந்து அவரவர் செருப்பில் நிறுத்தினேன்.

வரிசையின் கடைசியில் எனக்குத் தெரியாத ஒரு குடை படுத்திருந்தது. அதன் சொந்தக்காரர் மாட்டுங்காவிலிருந்து வந்த ஒரு மாமா. இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிட்டயரானவர், மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. வந்ததும் செருப்புகளைப் பார்த்திருக்கிறார், உடனே புரிந்துகொண்டு குடையை வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். டெலிஃபோனுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற தலைமுறை. அவரிடம் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நிழலில் உட்கார்ந்தபோதே மதினி அவர் கதையைக் கறந்துவிட்டாள். அவர் குடியிருக்கும் பில்டிங்குக்கு அவர்தான் செக்ரட்டரி. வருடக் கணக்காக மீட்டிங்கில் சண்டை போட்டு, கார் சார்ஜ் செய்யும் பாயின்ட் ஒன்றைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் பில்டிங்கில் ஒருவரிடமும் மின்சாரக் கார் இல்லை. பாயின்ட்டில் துணி காயப்போடுகிறார்கள். "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறா. முதல் லாட்டுலயே வண்டி கிடைச்சா வாயை அடைச்சுடலாம்" என்று மதினியிடம் சொல்லியிருக்கிறார்.

மதினி வரிசையைப் பார்த்தாள். வாங்குகிறவர் கடைசியில், வாங்காதவள் முதலில். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "ஐயா, எந் நம்பர நீங்க எடுத்துக்கிடுங்க. நான் ஒங்க எடத்துக்குப் போறேன்" என்று குடையை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத் தன் செருப்பைக் கடைசிக்குக் கொண்டுபோனாள். மாற்றிக்கொள்வதற்குச் சட்டத்தில் இடம் உண்டு.

கதவு திறக்கும் சமயத்தில் ஒரு பெரிய டீசல் ஜீப் வந்து நின்றது. ரீல்ஸ் போட்டுப் பிரபலமான ஒருவன் அதிலிருந்து இறங்கினான். காற்று மாசு பற்றிப் பேச வந்தவன், திரும்பிப் போகும்போது உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டும் என்பதற்காக இன்ஜினை அணைக்காமலே வந்தான். கம்பெனி அவனுக்குப் பணம் கொடுத்து 'முதல் கஸ்டமர்' ஆக்கியிருந்தது. மேனேஜர் அவன் தோளில் கை போட்டு அழைத்து வந்து, மாமாவிடம் "அங்கிள், தோடா பீச்சே" என்று பின்னால் போகும்படி விரலால் காட்டினார்.

மாமா பின்வாங்கத்தான் பார்த்தார். படித்தவர்களுக்கு வரும் சங்கடம். கடைசியிலிருந்து மதினியின் குரல் வந்தது. "ஏய், லைன் மே ஆவ். நம்பர் ஹை." அவ்வளவுதான், வரிசை முழுவதும் முன்னால் வந்து கதவை அடைத்துக்கொண்டது. கூலிக்கு நின்றவர்கள், காரைக் கனவில்கூட நினைக்காதவர்கள், கார் வாசலில் நின்று நியாயம் கேட்டார்கள். வந்தவன் சிரித்துக்கொண்டே தன் ஃபோனைத் தூக்கி எல்லாவற்றையும் படம் பிடித்தான். மேனேஜர் என் முழங்கையைப் பிடித்து, உன் ஆட்களை நகர்த்து, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்றார்.

நான் மதினியிடம் போனேன். "விட்டுருங்க மதினி. என் வேல போயிரும்."

"ஒன் வேலைக்காகத்தானட்டி வந்து நிக்கோம். வரிசையா நிக்கணும்னு நீதான சொன்ன?"

அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் பக்கெட்டை எத்திய அதே முகம். என் அப்பாவின் மூச்சைவிட இவளுக்கு ஒரு செருப்பு வரிசை பெரிதாகப் போய்விட்டதா என்று நினைத்தேன். கடைசியில் அந்த ரீல்ஸ்காரனே, கேமராவைப் பார்த்துக் கையைக் கூப்பி, "அங்கிள் ஃபர்ஸ்ட்" என்றான். நல்ல பெயர் எங்கே கிடைக்கும் என்றால் அந்த ரகத்துக்கு மூக்கில் வியர்த்துவிடும். மாமா உள்ளே போய்ப் பெயர் கொடுத்தார். காரின் கதவைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டார். அதைப் பற்றி ஒரு நல்ல செய்தி வரப்போகிறது என்று பல் தெரியச் சொன்னேன்.

சாயங்காலம் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் பார்த்தால் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. புதுக் காருக்காக அடித்துக்கொள்ளும் மக்கள், பிரபலத்தையே உள்ளே விடாத ரசிகர்கள் என்று தலைப்பு. சேலைக்கு மேல் டீ-ஷர்ட் போட்ட மதினி, எதிர்காலம் என்னுடையது என்று மாரில் எழுதிக்கொண்டு கையை நீட்டிக் கத்துகிறாள். தலைமை அலுவலகம் குளிர்ந்துவிட்டது. முந்தின நாள் என்னைத் துரத்தப் பார்த்த மேனேஜர் எனக்கு கேக் வெட்டினார். தாணே கிளையிலும் விழா வருகிறது, அதே கூட்டத்தைக் கொண்டுவா, அதே சண்டையைப் போடச் சொல், நிரந்தரக் கடிதம் டைப் ஆகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்றார். சண்டை எப்படி நடக்க வேண்டும் என்பதையும் யோசித்து வைத்திருந்தார். பிரபலம் வருவார், கூட்டம் மறிக்கும், கொஞ்ச நேரம் கத்தும். பிறகு எல்லோரும் சிரித்து, கைதட்டி, வழிவிட வேண்டும். போன தடவை மாமா முதலில் போனது மட்டும்தான் அவருக்குக் குறையாகத் தெரிந்தது.

நல்லியடியில் வைத்து மதினியிடம் சொன்னேன். அவள் குடத்தைத் தேய்த்தபடி கேட்டாள். "மறிக்கணும். செரி. பொறவு?"

"கைதட்டி விட்டுரணும்."

"யாரு, நானா?" தேய்ப்பதை நிறுத்தினாள். "நிக்கச் சொல்லு, எந்த ஊருக்கும் வந்து நிக்கேன். நுழையுதவனுக்குக் கைதட்டச் சொன்னா அது எப்பிடிட்டி? நாளைக்கு இங்கன எவளாவது நுழைஞ்சா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பேன்?"

கெஞ்சினேன். அப்பாவைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் தலையை ஆட்டவில்லை. வரமாட்டார்கள் என்று மேனேஜரிடம் சொன்னபோது அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. சீரியல்களில் கூட்டமாக நிற்கிறவர்களை ஒரு ஏஜென்ட் மூலம் பிடித்துவிட்டார். அவர்கள் இன்னும் நீட்டாக இருப்பார்கள் என்றார். என் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன், தாணே முடியட்டும் என்றார்.

தாணேயில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. யாரும் செருப்பைக் கழற்றவில்லை. கூட்டத்துக்கு முன்னால், நிஜமாக வாங்க வந்த ஒரு பெண் நின்றாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருப்பதாக என்னிடம் சொன்னாள். தன் நம்பர் ஒன்றுதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். ஆமாம் என்றேன். பிரபலம் வந்தான். கூட்டம் மறித்தது, கத்தியது. ஏஜென்ட் கர்சீப்பை ஆட்டினான். உடனே எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள், இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். அந்தப் பெண் தள்ளப்பட்டுச் சுவரோரம் போய் நின்றாள். ஒன்றும் புரியாமல் அவளும் கைதட்டினாள்.

அவள் தட்டியதுதான் எனக்குத் தாங்கவில்லை. கதவருகில் பூங்கொத்தோடு நின்றிருந்த நான் குறுக்கே போய் நின்றேன். "லைன்ல வாங்க சார். அவங்க நம்பர் ஒண்ணு" என்று முதலில் தமிழில் கத்தி, பிறகு ஹிந்தியிலும் கத்தினேன். ஈறு தெரிந்திருக்கும். அப்பாவின் கார்டு போய்விட்டது என்பது அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும்.

கைதட்டல் முன்னைவிடப் பெரிதாக எழுந்தது. கேமராக்கள் என் பக்கம் திரும்பின. அவன் என் கையிலிருந்த பூங்கொத்தை வாங்கிக்கொண்டு, என் தலையைச் செல்லமாகத் தட்டிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனான். மேனேஜர் ஓடிவந்து, "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமே. ஸ்டாஃபே மறிக்கிற மாதிரி! பிரமாதமா நடிச்ச" என்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

அப்பா மெடிக்கல் கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் காட்டுகிறார். தாணே விழா முடிந்த மறுநாள் காலை நல்லியடிக்குப் போனேன். யாரோ ஃபோனில் காட்டி மதினியும் வீடியோவைப் பார்த்துவிட்டிருந்தாள். வரிசையில் கடைசியாக என் நெளிந்த பக்கெட்டை வைத்தேன்.

"நல்லாத்தான் மறிச்சிருக்க" என்றாள். "அவன் வரிசைக்குப் போனானா?"

"இல்ல."

"பொறவு எதுக்குட்டி எல்லாரும் கையத் தட்டுனாங்க?"

தண்ணீர் வந்துவிட்டது. அவள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் முதல் குடத்தை நல்லிக்குக் கீழே நகர்த்தினாள்.